கெண்டைக்கால் துடிக்கிறது, மாமாவின் நோய் எனக்கும் வந்துவிட்டதா?

யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து 29 வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு அலுவலகத்தில் இருந்தபடி செய்யும் வேலை. ஐந்து மாதத்துக்கு முன் ஜிம்மில் சேர்ந்தார். கிழமையில் நான்கு நாள் ஜிம், இரண்டு நாள் ஓட்டம். மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள், கால்களுக்குக் கடும் பயிற்சி செய்துவிட்டு வந்து படுத்தபோது வலது கெண்டைக்காலில் தோலுக்குக் கீழே புழு நெளிவதுபோல ஒரு துடிப்பு. சில நாளில் இடது காலிலும் தொடங்கியது. பிறகு கண் இமை, தோள், பெருவிரலுக்குக் கீழுள்ள சதை என்று இடம் மாறி மாறி வருகிறது. இரவில் போனை எடுத்துத் தேடினார். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயின் பெயர் வந்து நின்றது. கனடாவில் இருந்த அவருடைய தாய்மாமா இரண்டு வருடத்துக்கு முன் காலமானது அந்த நோயால்தான். மாமாவுக்குப் பேச்சுக் குழறத் தொடங்கியதிலிருந்து கடைசி நாள்வரை வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தவர் இவர். இறுதிக் கிரியைகளையும் போனில்தான் பார்த்தார்.

அம்மாவின் தையல் டேப்பை எடுத்துத் தினமும் கெண்டைக்காலை அளக்கிறார். இடது கால் ஒரு சென்ரிமீற்றர் சிறிதாக இருக்கிறதாம். கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்க்கிறார், அது நடுங்குகிறது. தானாகவே ஆய்வுகூடத்துக்குப் போய் இரத்தம் கொடுத்தார். சிபிகே என்ற தசை நொதியத்தின் அளவு 684 என்று வந்திருக்கிறது. "தசை கரையத் தொடங்கிவிட்டது டொக்டர்" என்று எழுதுகிறார். இரவில் நான்கு மணித்தியாலம்தான் நித்திரை. வீட்டில் கலியாணம் பேசி முடித்து, ஆவணியில் கலியாண எழுத்து (பதிவு) வைத்திருக்கிறார்கள். அவர் கேட்பது மூன்று: "எனக்கு அந்த நோய்தானா? கொழும்புக்கோ சென்னைக்கோ போய் எம்ஆர்ஐ எடுக்கட்டுமா? பெண் வீட்டாரிடம் சொல்லிக் கலியாணத்தை நிறுத்திவிடட்டுமா?"

அன்புள்ள தம்பி,

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு அந்த நோய் என்று நினைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. உங்களைத் தொட்டுப் பார்க்காமல் "இல்லவே இல்லை" என்று கடிதத்தில் உறுதி கொடுக்க எந்த வைத்தியராலும் முடியாது. அதனால் ஒரு தடவை நேரில் காட்டுங்கள் என்று சொல்வேன். ஆனால் இதை வாசித்துவிட்டு இன்றிரவு நீங்கள் படுத்து உறங்கலாம்.

ஏன் இவ்வளவு துணிந்து சொல்கிறேன் என்றால், உங்கள் ஆறு பக்கத்திலும் நான் தேடியது ஒரே ஒரு வசனத்தை. "முன்பு செய்த இன்ன வேலையை இப்போது என்னால் செய்ய முடியவில்லை" என்ற வசனம். அது எங்கேயும் இல்லை. மாறாக, நான்காம் பக்கத்தில் வேறு எதையோ சொல்ல வந்து, போன மாதம் 60 கிலோ தூக்கியதாகவும் இப்போது 70 தூக்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்தை 31 நிமிடத்திலிருந்து 28 நிமிடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஏஎல்எஸ் என்பது மூளையிலிருந்தும் முள்ளந்தண்டிலிருந்தும் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புக் கலங்கள் செத்துப்போகும் நோய். கட்டளை போகாத தசையால் மாதத்துக்கு மாதம் கூடுதலாகப் பாரம் தூக்க முடியாது.

அந்த நோயாளிகள் எங்களிடம் எப்படி வருகிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்கே வித்தியாசம் விளங்கும். பல வருடத்துக்கு முன் ஒரு அம்மா வந்தார். "டொக்டர், இரண்டு மாதமாக இடியப்ப உரலைப் பிழிய ஏலாமல் கிடக்கு, மகள்தான் பிழிஞ்சு தாறாள்" என்றார். அதற்கு முன் திருவலையில் தேங்காய் துருவுவது கஷ்டமாகியிருந்தது. சட்டைக்கு ஊசி குத்த முடியவில்லை. வலி இல்லை, விறைப்பு இல்லை. கையை மேசையில் வைக்கச் சொன்னேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இருக்கவேண்டிய சதை குழி விழுந்திருந்தது. தோள்வரை துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது, மழைத்துளி விழுந்த குளத்துத் தண்ணீர்போல. "இது துடிக்கிறது தெரியுமா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, "இப்பதான் பாக்கிறன்" என்றார். துடிப்பு அவருக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. கை வேலை செய்யவில்லை என்பதுதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது.

நீங்கள் வருவது நேர்மாறான வழியில். துடிப்பு மட்டும் இருக்கிறது, வேலை எல்லாம் நடக்கிறது. கடிதத்தில் ஸ்டீபன் ஹோக்கிங்கைக் குறிப்பிட்டு, "அவருக்கு 21 வயதில் வந்ததே" என்று கேட்டிருக்கிறீர்கள். 1963-இல் அவருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது வயது 21 என்பது உண்மைதான். ஆனால் அவருக்கு முதலில் வந்தது படியில் தடுக்கி விழுவது, படகு வலிக்க முடியாமல் போவது, பேச்சுக் குழறுவது. இளவயதில் இந்த நோய் வருவது மிகமிக அரிது. பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கே வருகிறது. மேற்கு நாடுகளின் கணக்கில், எல்லா வயதினரையும் சேர்த்து வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ இரண்டு பேர். ஆசிய நாடுகளில் இதைவிடக் குறைவு.

துடிப்பு எங்கே பிறக்கிறது?

ஒரு நரம்பு இழை ஒரு தசை இழைக்கு மட்டும் கட்டளை கொடுப்பதில்லை. கெண்டைக்காலில் ஒரே நரம்பு இழை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தசை இழைகளை ஒன்றாக இயக்குகிறது. அந்த நரம்பின் நுனி கொஞ்சம் கிளர்ந்து ஒரே ஒரு தடவை தானாகக் கட்டளை விட்டால் போதும், அவ்வளவு இழைகளும் ஒன்றாகச் சுருங்கும். தோலுக்கு மேலே அது ஒரு புழு நெளிந்ததுபோலத் தெரியும். கடும் பயிற்சிக்குப் பிறகு நரம்பு நுனியைச் சுற்றி உப்புச் சத்துகளின் சமநிலை கொஞ்ச நேரம் குழம்பியிருக்கும், நரம்பும் தசையும் களைத்திருக்கும். அந்த நேரத்தில்தான் துடிப்புக் கூடும். அதுவும் நீங்கள் அசையாமல் படுத்திருக்கும்போது. பகலில் வேலை செய்யும்போது வந்தாலும் தெரியாது.

கண் துடித்தால் ஆணுக்கு வலது நல்லது, பெண்ணுக்கு இடது நல்லது என்று எங்கள் ஆச்சிமார் சகுனம் பார்த்தார்கள். ஊரில் எல்லாருக்கும் வந்துபோகிற ஒன்றாக இருந்தபடியால்தான் அதற்குச் சகுனமே வகுத்திருக்கிறார்கள்.

எனக்கும் வந்தது. மருத்துவ பீடத்தில் இறுதி வருடம், பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்க, இடது பெருவிரல் சதை துடிக்கத் தொடங்கியது. அந்தக் கிழமைதான் நரம்பியல் விரிவுரையில் இந்த நோயைப் படித்திருந்தோம். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்த இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. யாரிடமும் சொல்லப் பயம். பரீட்சை முடிந்து ஒரு மாதத்தில் போய்விட்டது. அதனால் உங்கள் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை, தம்பி. மருத்துவ மாணவர்களுக்கும் வைத்தியர்களுக்கும் இந்தப் பயம் வருவது நரம்பியல் துறையில் நன்றாகத் தெரிந்த விஷயம்.

இப்படி வெறும் துடிப்போடு வந்தவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று பார்த்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் வைத்தியர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பலவீனம் எதுவும் இல்லாமல் துடிப்பு மட்டும் இருந்த 121 பேரை இரண்டு வருடத்திலிருந்து 32 வருடம்வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை.

நீங்கள் போட்ட கணக்குகள்

சிபிகே 684 என்ற எண்தான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. எப்போது இரத்தம் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். உங்கள் கடிதப்படி திங்கள் பின்னேரம் கால் பயிற்சி, செவ்வாய் காலை இரத்தம். சிபிகே என்பது தசைக்குள் இருக்கும் ஒரு நொதியம். பாரம் தூக்கும் எவருக்கும் அது இரத்தத்துக்குள் கசியும். பல நாள் ஏறியே இருக்கும், பழக்கமில்லாத கடும் பயிற்சிக்குப் பிறகு ஆயிரங்களில்கூடப் போகும். அறிக்கையில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் சாதாரண அளவு, பயிற்சி செய்யாமல் இருந்தவருக்கு உரியது. ஏஎல்எஸ்ஸிலும் சிபிகே கொஞ்சம் ஏறலாம், ஆனால் அந்த எண்ணை வைத்து யாரும் அந்த நோயைக் கண்டுபிடிப்பதில்லை. ஒரு கிழமை முழுதாக ஜிம்முக்குப் போகாமல் இருந்துவிட்டுத் திரும்ப எடுங்கள்.

டேப் அளவு. இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பவர்கள் குறைவு. டேப்பை ஒரு விரற்கடை மேலே வைத்தாலே ஒரு சென்ரிமீற்றர் மாறிவிடும். அதைவிட முக்கியம், துடிப்பு முதலில் வந்ததும் அதிகம் வருவதும் வலது காலில் என்கிறீர்கள், சிறிதாக இருப்பது இடது கால். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவில்லை.

நாக்கை வெளியே நீட்டினால் யாருடைய நாக்கும் நடுங்கும். நாங்கள் பார்ப்பது வாயைத் திறந்து, நாக்கை உள்ளே சும்மா விட்டிருக்கும்போது. அதையும் வீட்டில் பார்த்துப் பழக வேண்டாம்.

"உடம்பு முழுக்கப் பரவிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று இமை, நாளை தோள், மறுநாள் கால் என்று தாவித் திரிவது சாதாரணத் துடிப்பின் குணம். ஏஎல்எஸ் பெரும்பாலும் ஒரு கையிலோ காலிலோ நிலைகொண்டு, அந்த இடத்தின் வலுவைக் குறைத்து, அங்கிருந்து அடுத்த பக்கத்துக்கு நகரும்.

கால் பாரமாக இருக்கிறது, கை சோர்ந்து போகிறது என்றும் ஓரிடத்தில் சொல்கிறீர்கள். நான்கு மணித்தியால நித்திரையோடு கிழமைக்கு ஆறு நாள் பயிற்சி செய்தால் சோரத்தான் செய்யும். சோர்வாக உணர்வது வேறு, செய்ய முடியாமல் போவது வேறு. கட்டை விரலில் செருப்பு நிற்காமல் கழன்று கழன்று போவது, மோட்டார் சைக்கிள் கிளச்சைப் பிடிக்க முடியாமல் போவது, சட்டைப் பொத்தான் பூட்ட மற்றவரைக் கூப்பிடுவது, இதெல்லாம் செய்ய முடியாமல் போவது.

போகிற போக்கில் சொன்ன இரண்டு விஷயம்

உங்களுக்கு முக்கியமாகப் படாத இரண்டு வரிகளை நான் பேனையால் கோடிட்டு வைத்திருக்கிறேன்.

முதலாவது, ஜிம்மில் ஒரு அண்ணா தந்த பவுடரைப் பயிற்சிக்கு முன் இரண்டு கரண்டி கரைத்துக் குடிக்கிறீர்கள். இந்த வகைப் பவுடர்களில் முக்கியமான சரக்கு கஃபீன். ஒரு கரண்டியில் 150 முதல் 300 மில்லிகிராம்வரை இருப்பது வழக்கம். ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம்வரை பாதகமில்லை என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கணக்கு. உங்கள் இரண்டு கரண்டியிலேயே அந்த எல்லை நிறைந்துவிடலாம். அதற்கு மேல் அலுவலகத்தில் குடிக்கும் நாலைந்து தேத்தண்ணி. கஃபீன் நரம்பை நேரடியாகவும் கிளப்பும், நித்திரையைக் கெடுத்து மறைமுகமாகவும் கிளப்பும். பவுடரை இன்றோடு நிறுத்துங்கள். தேத்தண்ணியை இரண்டாகக் குறையுங்கள், பின்னேரம் வேண்டாம். திடீரென்று குறைத்தால் இரண்டு மூன்று நாள் தலையிடிக்கும், பயப்படாதீர்கள். பயிற்சி முடிந்து வியர்வையோடு வருகிறபோது இளநீரோ, உப்புப் போட்ட மோரோ குடியுங்கள்.

நரம்புக்கு என்று பார்மசியில் வாங்கிப் போடும் இரண்டு வகை விற்றமின் குளிசையையும் நிறுத்துங்கள். அவற்றில் இருக்கும் பி6-ஐ அளவுக்கு மீறி நெடுநாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்து விறைப்பைக் கொண்டுவரும்.

இரண்டாவது வரி: "சனி, ஞாயிறில் அப்பாவுக்கு வெங்காயத்துக்கு மருந்தடித்துக் கொடுப்பேன்." இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நரம்பு தசைக்குக் கட்டளை கொடுப்பது அசிற்றைல்கோலின் என்ற இரசாயனத்தால். கட்டளை முடிந்ததும் அதைத் துடைத்தெடுக்க ஒரு நொதியம் இருக்கிறது. ஓகனோபொஸ்பேற் வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியத்தைப் பூட்டிப்போடும். கட்டளை அழியாமல் நிற்க, தசை துடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் ஆஸ்பத்திரிகளில் தசைத் துடிப்பை நாங்கள் நிறையப் பார்த்தது இந்த மருந்து உடம்பில் ஏறியவர்களிடம்தான். தோலாலும் மூச்சாலும் அது உள்ளே போகும், குடிக்கத்தான் வேண்டும் என்றில்லை.

உங்கள் துடிப்பு ஜிம் போன இரவுகளில் கூடுகிறது, மருந்தடித்த நாளோடு சேர்த்து நீங்கள் எதுவும் எழுதவில்லை. அதனால் இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் கொலினெஸ்ரறேஸ் என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அப்பாவோடும் இதைக் கதையுங்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடும் வெறும் மேலோடும் டாங்கியை முதுகில் போடுகிற பழக்கம் எங்கள் தோட்டங்களில் இன்னும் போகவில்லை. நீளக் கை சட்டை, நீளக் காற்சட்டை, கையுறை, சப்பாத்து. காற்றுக்கு எதிரே அடிக்கக் கூடாது. முடிந்தவுடன் கிணற்றடியில் சோப் போட்டுக் குளித்துவிட்டு, அந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்க்காமல் தனியாகத் தோய்க்க வேண்டும். மருந்தடித்த சில மணித்தியாலத்துக்குள் துடிப்போடு வாந்தி, வாயூறல், கடும் வியர்வை, வயிற்றோட்டம், கண் மங்கல், நெஞ்சு இறுக்கம் வந்தால் 1990-க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது உங்களுக்கு வந்தாலும் சரி, அப்பாவுக்கு வந்தாலும் சரி.

மாமாவின் நோய் பரம்பரையா?

ஏஎல்எஸ் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பதில்லை. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் அது பரம்பரையாக வருகிறது, அப்படிப்பட்ட குடும்பங்களில் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வந்திருக்கும். மாமாவுக்கு 63 வயதில் வந்தது என்கிறீர்கள். அம்மம்மா, தாத்தா, அம்மாவின் மற்றச் சகோதரர்கள் யாருக்காவது இந்த நோயோ, ஐம்பது வயதிலேயே குணம் மாறிப் புத்தி தடுமாறும் நோயோ இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். இல்லை என்றால், ஒரு மாமாவை மட்டும் வைத்து உங்கள் தலையில் அதை எழுதிக்கொள்ளத் தேவையில்லை.

ஒன்று செய்யலாம். கனடாவில் மாமாவுக்கு மரபணுப் பரிசோதனை செய்தார்களா, முடிவு என்ன என்று மாமியிடம் கேளுங்கள். செய்து ஒன்றும் இல்லை என்றால் அது உங்களுக்குப் பெரிய ஆறுதல். ஏதாவது மாற்றம் இருந்ததாகச் சொன்னால், நீங்களாக இரத்தம் கொடுக்க ஓடவேண்டாம். அதை அறிவதால் என்ன நன்மை, என்ன சுமை என்று ஒரு நிபுணரோடு இருந்து பேசிய பிறகே முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

எம்ஆர்ஐயும் சென்னைப் பயணமும்

இரண்டும் இப்போது வேண்டாம். ஏஎல்எஸ்ஸை எம்ஆர்ஐ படம் பிடித்துக் காட்டாது. வேறு நோய்கள் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அதை எடுப்போம். எடுத்து எல்லாம் சரி என்று வந்தால், "எம்ஆர்ஐயில் தெரியாதாமே" என்று அன்றிரவே போனில் வாசித்துவிடுவீர்கள். கழுத்திலோ முதுகிலோ வயதோடு வரும் சின்னத் தேய்மானம் எதையாவது எழுதி அனுப்பினார்கள் என்றால் அது இன்னொரு பயத்துக்கு வித்து.

தேவையானது ஒரு வைத்தியரின் கையும் ஒரு சுத்தியலும். முதலில் பக்கத்து ஆதார வைத்தியசாலையின் மருத்துவ கிளினிக்குக்கோ, உங்கள் குடும்ப வைத்தியரிடமோ போங்கள். உடுப்பைக் கழற்றிச் சதைகளைப் பார்ப்பார், ஒவ்வொரு மூட்டின் வலுவையும் தன் கையால் தள்ளிப் பார்ப்பார், தெறிவினையைத் தட்டிப் பார்ப்பார். இருபது நிமிட வேலை. கூடவே கல்சியம், மக்னீசியம், பொட்டாசியம், தைரொயிட், ஓய்வுக்குப் பிறகு சிபிகே. ஏதாவது சந்தேகம் இருந்தால் அவரே யாழ் போதனா வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் தருவார். அங்கே தேவையென்று கண்டால் இஎம்ஜி என்ற பரிசோதனைக்கு ஒழுங்கு செய்வார்கள். மெல்லிய ஊசியைத் தசைக்குள் வைத்து அதன் மின்துடிப்பைப் பார்ப்பது அது. அரச ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் பணம் கட்டத் தேவையில்லை. பொறுக்க முடியாவிட்டால் ஒரு தடவை தனியாரிடம் சனல் பண்ணி (பணம் கட்டிப் பதிந்து) ஒரு நரம்பியல் நிபுணரைப் பாருங்கள். ஆனால் ஒருவர் "ஒன்றும் இல்லை" என்றவுடன் அடுத்தவரை, அதற்கடுத்தவரை என்று போகக்கூடாது. அந்த வழியில் காசையும் நித்திரையையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பயிற்சிக்குப் பிறகு சதை தாங்க முடியாமல் வலித்து வீங்கி, சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிற நிலை அது, ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டியது. முதுகுவலியோடு கால் விறைத்துச் சிறுநீர் போவதில் தடங்கல் வந்தாலும் அப்படித்தான். ஒரு காலோ கையோ கிழமைக்குக் கிழமை வலுக் குறைந்து வருவது, பேச்சுக் குழறுவது, தண்ணீர் குடித்தால் புரையேறுவது, இமை தொங்கி இரண்டிரண்டாகத் தெரிவது, ஒரு இடத்துச் சதை கண்ணுக்குத் தெரிய வற்றுவது, இவை வந்தால் சில நாளுக்குள் காட்டுங்கள். இவற்றைத் தினமும் தேடிப் பார்க்கச் சொல்லவில்லை. வந்தால் உங்களுக்குத் தெரியாமல் போகாது.

பயம் தானே துடிப்பைக் கூட்டும்

பயத்தில் மூச்சு வேகமாகும். வேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமிலவாயு குறையும், அதனால் நரம்பைச் சாந்தமாக வைத்திருக்கும் கல்சியத்தின் வேலை குறையும், நரம்பு இன்னும் எளிதாகத் தானாகக் கட்டளை விடும். அட்ரினலினும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் போனில் வாசித்த இரவுகளில் உங்களுக்குக் கூடுதலாகத் துடிக்கிறது.

டேப்பை அம்மாவின் தையல் பெட்டியில் திரும்ப வையுங்கள். கண்ணாடிச் சோதனை, வலுவைச் சோதிக்கக் குதிகாலில் நடந்து பார்ப்பது எல்லாவற்றையும் மூன்று கிழமைக்கு விடுங்கள். அந்த நோயின் பெயரைப் போனில் அடிக்காதீர்கள். முதல் நாலைந்து நாள் கை பரபரக்கும், பிறகு தணியும். பயிற்சியை முழுதாக விடவேண்டாம், பாதியாகக் குறையுங்கள். ஏழு மணித்தியாலம் உறங்குங்கள். இவ்வளவும் செய்தாலும் துடிப்பு முற்றாகப் போகாமல் இருக்கலாம். சிலருக்கு மாதக்கணக்காக, வருடக்கணக்காகக்கூட வந்து வந்து போகும். அது இருந்தபடியே நீங்கள் நலமாக இருக்கலாம்.

மூன்று கிழமைக்குப் பிறகும் சோதிக்காமல் இருக்க முடியவில்லை, வேலையில் மனம் நிற்கவில்லை என்றால், அந்தப் பயத்துக்கே சிகிச்சை எடுக்க வேண்டும். நல்ல சிகிச்சை இருக்கிறது. பேச்சு வழியாகவும் உண்டு, தேவையானால் குளிசையும் உண்டு. மனநலக் கிளினிக் வாசலில் தெரிந்தவர் யாராவது கண்டுவிடுவார்களோ என்ற யோசனை எங்கள் ஊரில் எல்லாருக்கும் இருக்கிறது. அப்படியென்றால் அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவில் தாங்க முடியாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். என் மனதில் பட்ட இன்னொன்றையும் சொல்கிறேன். மாமா உங்களைத் தூக்கி வளர்த்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கொள்ளி வைக்கும்போது நீங்கள் ஒரு சின்னத் திரைக்கு முன்னால் தனியே இருந்தீர்கள். அந்தத் துக்கத்தை யாரோடும் இருந்து அழுததாகக் கடிதத்தில் இல்லை.

கலியாணம்

நிறுத்த வேண்டாம். பெண் வீட்டாரிடம் சொல்ல இப்போது உங்களிடம் ஒரு நோயும் இல்லை, ஒரு பயம்தான் இருக்கிறது. உண்மையாகவே ஒரு நோய் உறுதியாகியிருந்தால், எழுத்துக்கு முன் அந்தப் பிள்ளைக்குத் தெரியத்தான் வேண்டும் என்று நானே சொல்லியிருப்பேன். அது அவருடைய உரிமை. இல்லாத நோயைச் சொல்லி இரண்டு குடும்பத்தைக் கலங்க வைப்பது வேறு. ஆவணிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. முதலில் பரிசோதனை முடியட்டும். அந்தப் பிள்ளையோடு நீங்கள் போனில் கதைக்கிறீர்கள் என்றால், மாமாவின் சாவு உங்களை எப்படிப் பாதித்தது என்பதைச் சொல்லலாம். வாக்குமூலம் மாதிரி அல்லாமல், துணையாக வரப்போகிறவரிடம் மனதைத் திறப்பதுபோல.

கிளினிக்குக்குப் போகும்போது பவுடர் டப்பா, விற்றமின் குளிசை, தோட்டத்து மருந்துப் போத்தலின் லேபலைப் போனில் எடுத்த படம், பழைய சிபிகே அறிக்கை, இவ்வளவையும் கொண்டுபோங்கள். ஆறு பக்கம் வேண்டாம், எப்போது தொடங்கியது, எதைச் செய்ய முடிகிறது என்று அரைப் பக்கம் போதும். அம்மாவையும் கூட்டிப் போங்கள். உங்களுக்கு மாமா என்றால் அவருக்கு அது கூடப்பிறந்த அண்ணன். தையல் டேப் ஏன் தினமும் இடம் மாறுகிறது என்று மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர், கேட்கப் பயந்து கேட்காமல் இருந்திருக்கலாம். வைத்தியர் சொல்வதை அவரும் தன் காதால் கேட்கட்டும்.